சிவப்புக் கொடியை வீசுவதா, வேண்டாமா? அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்?

கேள்வி: மேல்வரிசை

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக டாலஸ் நகருக்கு அருகில் வசித்து வருகிறேன். இங்கு வந்த பிறகுதான் அமெரிக்கக் கால்பந்து எனக்குப் பழக்கமாயிற்று. டவுன் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), யார்டு, தண்டக்கொடி என்பவையெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் நடுவரின் தீர்ப்பை எதிர்த்துப் பயிற்சியாளர் சிவப்புக் கொடி வீசுவது, அதாவது சவால் விடுவது குறித்து ஒரு செய்தி மட்டும் இன்னும் விளங்கவில்லை.

சென்ற பருவத்தில் ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்கச் சென்றிருந்தேன். மேல்தளத்தில் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில் இடம். எதிரே கீழே வெளியூர் அணியின் பயிற்சியாளர்கள் நின்றிருந்தனர். உள்ளூர் அணிக்கு மூன்றாம் டவுன், தேவை 8 யார்டு. குவார்ட்டர்பேக் எறிந்த பந்தை ஒரு வீரர் தரையோடு தரையாகப் பாய்ந்து பிடித்தார். பிடித்தது செல்லும் என்று நடுவர் கைகாட்டினார். பந்தின் முனை புல்லில் பட்டு அவர் கைக்குள் உருண்டது என்று எனக்கும் அருகிலிருந்த இருவருக்கும் உறுதியாகத் தோன்றியது. வெளியூர்ப் பயிற்சியாளருக்கும் ஐயம் வந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காதிலிருந்த ஹெட்செட்டை அழுத்தியபடி மேலே கண்ணாடி அறைகளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் உள்ளூர் அணி அவசர அவசரமாக வரிசையில் வந்து நின்றுவிட்டது. அவர் கொடியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அடுத்த சில நகர்வுகளில் உள்ளூர் அணி டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பெறும் ஆறு புள்ளி) அடித்தது.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். பந்து தரையில் பட்டது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. இரண்டு சவால்கள் கையிலிருக்கும்போது, அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் ஒருவர் தோற்றுப் போவது ஏன்? கொடி வீசுமுன் அவர்கள் எதை எடைபோடுகிறார்கள்? அந்த முடிவை உண்மையில் எடுப்பவர் யார்? விளக்கத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நாற்பது யார்டு

வணக்கம் நண்பரே. விடையின் ஒரு பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் வீட்டில் நிதானமாகப் பார்த்த காட்சி, அந்தப் பயிற்சியாளருக்கு அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கு) முன்னால் கிடைத்திருக்க வேண்டும். அது கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அதை உள்விவரம் அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்.எப்.எல். எனப்படும் தொழில்முறைக் கூட்டமைப்பின் விதி. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு இரண்டு சவால்கள் உண்டு. 2004 முதல் 2023 வரை அவை இரண்டுமே வென்றால்தான் மூன்றாவது கிடைத்தது. 2024 முதல் இரண்டில் ஒன்று வென்றாலே மூன்றாவது கிடைக்கிறது. சவால் தோற்றால் ஒரு டைம் அவுட் (ஆட்டத்தையும் கடிகாரத்தையும் நிறுத்தும் உரிமை) பறிபோகும். கையில் டைம் அவுட் இல்லாத அணி சவால் விடவே முடியாது. புள்ளி எடுத்ததாக நடுவர் அறிவித்த நகர்வுகளை 2011 முதலும், பந்து கைமாறியதாக அறிவித்த நகர்வுகளை 2012 முதலும், மறுகாட்சியைப் பார்க்கும் ரீப்ளே அலுவலர்களே தாமாகச் சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் பயிற்சியாளரின் கொடிக்கு வேலையே இல்லை. எதைப் பார்ப்பது என்பதை மேலே இருக்கும் அலுவலரே தீர்மானிப்பார்.

ஆகவே பயிற்சியாளர் கையிலிருக்கும் செல்வம் இரண்டு சவால்கள் என்று எண்ண வேண்டாம். அவர் செலவழிப்பது டைம் அவுட்டை. ஒரு பாதிக்கு மூன்றே மூன்றுதான். "இந்தத் தீர்ப்பு தவறா?" என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டால் போதாது. தவறு என்று காட்ட முடியுமா, காட்டினால் என்ன வரும், காட்ட முடியாமல் போனால் இழக்கும் டைம் அவுட் இந்த நேரத்தில் என்ன பெறும் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சவால் வென்றால் அணிக்கு 3 புள்ளி அளவுக்கு நன்மை. தோற்றால் இழக்கும் டைம் அவுட்டின் மதிப்பு 1 புள்ளி. அப்படியானால் நான்கில் ஒரு வாய்ப்பு இருந்தாலே கொடியை வீசலாம். அதுவே வென்றால் கிடைப்பது அரைப் புள்ளி அளவுதான் என்றால், மூன்றில் இரண்டு பங்கு உறுதி இல்லாமல் வீசக் கூடாது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஆனால் பயிற்சியாளர் மனத்தில் ஓடுவது இதே வகைத் தராசுதான். முதல் டவுனில் 6 யார்டு போகும் ஒரு சிறிய பிடி தவறாகத் தரப்பட்டாலும் அவர் கண்டும் காணாமல் விடுவார். மூன்றாம் டவுனில் அதே தவறு நடந்தால் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே தீர்ப்பு மாறினால் எதிரணி பந்தையே உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

இந்தத் தராசு எவ்வளவு தூரம் சாயக்கூடும் என்பதற்கு இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன்.

2015 ஜனவரி 11, கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டு மைதானம். கிரீன் பே பேக்கர்ஸ் 26, டாலஸ் கவ்பாய்ஸ் 21. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. டாலஸுக்கு நான்காம் டவுன், தேவை 2 யார்டு, பந்து பேக்கர்ஸின் 32 யார்டு கோட்டில். டாலஸின் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ நீளமாக எறிய, டெஸ் பிரையன்ட் தாவிப் பிடித்து 1 யார்டு கோட்டருகே விழுந்தார். பிடி செல்லும் என்பது களத்துத் தீர்ப்பு. பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி கொடியை வீசினார். அந்த நேரத்தில் அவருக்கு வெற்றி உறுதி என்று இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வீசாவிட்டால் எதிரணி 1 யார்டில் நிற்கிறது, ஒரு டச் டவுனில் முன்னிலை போய்விடும். வென்றாலோ, அது நான்காம் டவுன் என்பதால் பந்தே தம் அணிக்கு வந்துவிடும். அத்தகைய இடத்தில் ஐந்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் வீசியே ஆக வேண்டும். விழும்போது பந்து தரையில் பட்டு நழுவியதைக் காட்டித் தீர்ப்பு மாற்றப்பட்டது. பேக்கர்ஸ் அதே 26-21 கணக்கில் வென்றார்கள். அந்தப் பிடியைப் பற்றிய வாதம் டாலஸில் இன்றும் ஓயவில்லை என்பதும், விழும்போது பிடிக்கும் பந்து குறித்த விதியே 2018இல் மாற்றி எழுதப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெக்கார்த்தி எடுத்த முடிவோ அன்றைய விதிப்படி மிகச் சரியானது.

இரண்டாவது, 2012 பிப்ரவரி 5, இண்டியானாபொலிஸ், என்.எப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 17, நியூயார்க் ஜயன்ட்ஸ் 15. மீதி 3 நிமிடம் 46 விநாடி. ஜயன்ட்ஸ் தம் 12 யார்டு கோட்டில் தொடங்க, முதல் எறிதலிலேயே ஈலை மேனிங் இடது கோட்டோரமாக 38 யார்டு தூரம் பந்தைச் செலுத்தினார். மாரியோ மேனிங்ஹாம் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே பிடித்து, இரு கால்களையும் கோட்டுக்குள் ஊன்றி, பேட்ரியட்ஸ் அணி நின்றிருந்த பக்கத்திலேயே வெளியே விழுந்தார். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் சவால் விட்டார். தீர்ப்பு மாறவில்லை, ஒரு டைம் அவுட் போயிற்று. பிறகு ஜயன்ட்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டுக்கொண்டே கோலை நெருங்கினார்கள். பேட்ரியட்ஸுக்கு நேரம் எவ்வளவு அரிதாகிவிட்டது என்றால், தம் தாக்குதலுக்குச் சில விநாடிகளாவது மிஞ்சட்டும் என்று ஜயன்ட்ஸ் வீரர் அகமத் பிராட்ஷாவைத் தடுக்காமலே டச் டவுன் போகவிட்டார்கள். அப்போது 57 விநாடி இருந்தது. முடிவு 21-17.

சவால் முறை பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. நேரம் போகப் போகச் சவாலின் மதிப்பு குறைகிறது, டைம் அவுட்டின் மதிப்பு கூடுகிறது. இரண்டு நிமிட எச்சரிக்கை வந்துவிட்டால் கையிலிருக்கும் சவால் செல்லாக்காசு. அதனால் ஆட்டம் முடியும் தறுவாயில் "இன்னும் இரண்டு இருக்கிறதே, ஒன்றை வீசிப் பார்ப்போம்" என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதற்கு விலையாகப் போகும் டைம் அவுட், அந்த நேரத்தில்தான் பொன்னாக இருக்கிறது. மாறாக, முதல் பாதியின் டைம் அவுட்டுகளை இடைவேளைக்கு அப்பால் கொண்டுபோக முடியாது. எதிரணி பந்தை வைத்துக்கொண்டு முதல் பாதியின் கடைசி நிமிடங்களை நோக்கிப் போகும்போது, நம் கையில் மூன்றும் மிச்சமிருந்தால், ஒன்றை இழப்பது அவ்வளவு பெரிய இழப்பன்று. என் கணிப்பில் பயிற்சியாளர்கள் அங்கே தேவைக்கு மேல் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியின் இறுதியில் தேவைக்கு மேல் தாராளமாக இருக்கிறார்கள். மேனிங்ஹாம் பிடியை எதிர்த்ததை அந்த வகையிலேயே சேர்ப்பேன்.

மறுமொழி: காணொளி அறை

மேலே எழுதியவர் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அந்தப் பத்துப் பதினைந்து விநாடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமெரிக்காவில் நான் முதுகலை படித்த கல்லூரியின் அணிக்கு இரண்டு பருவங்கள் படப்பிடிப்பு உதவியாளனாக இருந்தேன். கல்லூரி ஆட்டத்தின் விதி வேறு: எல்லா நகர்வுகளையும் ரீப்ளே அலுவலர் தாமே கவனிப்பார், பயிற்சியாளருக்கு ஒரே ஒரு சவால்தான், அது வென்றால் இன்னொன்று. ஆயினும் மேலே அறைக்கும் கீழே கோட்டோரத்துக்கும் இடையே நடக்கும் உரையாடல் ஒன்றுதான்.

தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் எதையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். அவர் நிற்பது தரைமட்டத்தில். ஆட்டம் நடப்பது நாற்பது ஐம்பது யார்டுக்கு அப்பால், இடையில் ஆறடி மூன்றங்குல உயரத்தில் அவருடைய வீரர்களே வரிசையாக நின்று மறைக்கிறார்கள். உங்கள் மேல்வரிசை இருக்கை அவருடைய இடத்தைவிட நல்ல இடம். அவருக்குக் கண் என்பது மேலே கண்ணாடி அறையில் அமர்ந்திருக்கும் உதவியாளர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு இதுதான் தனிப்பொறுப்பு. தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, "வீசுங்கள்" அல்லது "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை ஆட்டத்தின்போது அந்த உதவியாளருக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்து கேமரா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரணி வீரர் பந்தோடு விழுந்தார். முழங்கால் தரையில் படுமுன் பந்து நழுவியதா என்பது கேள்வி. கீழேயிருந்து ஹெட்செட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உதவியாளர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, இடது கையை உயர்த்தி, "பொறுங்கள், பொறுங்கள்" என்கிறார். ஒளிபரப்புக்காரர்கள் முதலில் காட்டியது பார்வையாளர் கூட்டத்தை. அடுத்து பயிற்சியாளரின் முகத்தை. அதற்குப் பிறகு ஒரே ஒரு மறுகாட்சி, அதுவும் வீரரின் முதுகுப் பக்கத்திலிருந்து. பந்து தெரியவே இல்லை. "என்னிடம் எதுவும் இல்லை" என்றார் உதவியாளர். கீழே கொடி பைக்குள் போய்விட்டது. அடுத்த நகர்வு தொடங்கிய பிறகு நல்ல கோணம் திரையில் வந்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தட்டிவிட்டு, குறிப்பேட்டில் அடுத்த டவுனை எழுதத் தொடங்கினார்.

அந்த "என்னிடம் எதுவும் இல்லை" என்பதற்கு, நடுவர் சொன்னது சரி என்று பொருளில்லை. மாற்றுவதற்குப் போதிய சான்று தன் கண்ணுக்குப் படவில்லை என்பதே பொருள். களத்துத் தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால் தவறு தெளிவாகவும் வெளிப்படையாகவும் தெரிய வேண்டும் என்பது விதி. என்.எப்.எல். போட்டிகளில் 2017 முதல் இறுதி முடிவு நியூயார்க்கிலிருக்கும் ரீப்ளே மையத்தில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே அமர்ந்திருப்பவருக்கு எல்லாக் கோணங்களும் கிடைக்கும், நேரமும் உண்டு. உதவியாளருக்கோ ஒளிபரப்பு காட்டும் கோணம் மட்டுமே. ஆகவே அவர் தாம் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. எந்தக் கேமரா எங்கே இருக்கிறது, அதற்கு இது தெரிந்திருக்குமா என்றும் கணிக்க வேண்டும். கோட்டோரப் பிடி என்றால் கோட்டை நோக்கிய கேமரா இருக்கும், கால் பட்டதா என்று காட்டிவிடும். குவியலுக்கு அடியில் பந்து எந்த இடத்தில் நின்றது என்ற கேள்விக்கு எந்தக் கேமராவும் விடை சொல்லாது. அதனால்தான் பந்தின் இடத்தை எதிர்த்துக் கொடி வீசுவதற்கு எல்லோரும் தயங்குகிறார்கள்.

உள்ளூர் வெளியூர் வேறுபாடும் இதில் உண்டு. மைதானத்தின் பெரிய திரை உள்ளூர் அணியின் நிர்வாகத்தில் இருப்பது. தமக்குச் சாதகமான தவறு நடந்துவிட்டால் அதை மறுகாட்சியாகப் போட அவர்கள் விரைய மாட்டார்கள்; பாதகமான தவறு என்றால் திரும்பத் திரும்ப வரும், கூட்டமும் கூச்சலிடும், பயிற்சியாளருக்குச் செய்தி தானே போய்ச் சேரும். நீங்கள் பார்த்தது வெளியூர்ப் பயிற்சியாளரை.

இன்னொன்று. உள்ளூர் அணி அவசரமாக வந்து நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அவசரமே ஒரு சாட்சியம். பந்தைப் பிடித்தவருக்குத் தெரியும், அது தரையில் பட்டதா இல்லையா என்று. அவர் எழுந்தவுடன் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக் கை சுழற்றினால், "சீக்கிரம் ஸ்னாப் எடு" என்று பொருள். எதிர்முகாமில் அனுபவமுள்ள உதவியாளர் திரையில் ஒன்றும் தெரியாதபோது இதைத்தான் பார்ப்பார். இதிலும் ஏமாற்று உண்டு. ஒரு டைம் அவுட்டைப் பறிப்பதற்காக வேண்டுமென்றே அவசரப்படுகிற அணிகளும் இருக்கின்றன. தம் அணி வீரர்களின் சைகையை மட்டும் யாரும் நம்புவதில்லை. எல்லா வீரர்களுக்கும் எல்லாத் தீர்ப்பும் தமக்கு எதிரான அநியாயமாகவே படும்.

டைம் அவுட் கேட்டு நிறுத்திவிட்டு, காட்சியைப் பார்த்த பிறகு சவால் விடலாமே என்று தோன்றும். விடலாம். ஆனால் அந்தச் சவாலும் தோற்றால் ஒரே நகர்வுக்கு இரண்டு டைம் அவுட் போய்விடும். முதலிலேயே வீசத் துணிவில்லாதவர் அந்த விலையைக் கொடுக்கப் பெரும்பாலும் முன்வர மாட்டார்.

மறுமொழி: பதினைந்து விநாடி

கிரிக்கெட்டிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு டி.ஆர்.எஸ். முறையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அங்கே அணித்தலைவருக்குப் பதினைந்து விநாடி. எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் பந்து ஸ்டம்பை உரசிப் போகும் என்று காட்டினால் "அம்பயர்ஸ் கால்" என்று களத்துத் தீர்ப்பு நிலைக்கும். ஆனால் மேல்முறையீடு கைவிட்டுப் போகாது. இங்கே அந்தக் கருணை கிடையாது. நடுவர் சொன்னது சரி என்று உறுதியானாலும், இரண்டு பக்கமும் சொல்ல முடியாதபடி காட்சி மங்கலாக இருந்தாலும், பயிற்சியாளருக்கு இழப்பு ஒன்றே. சந்தேகத்தின் முழு விலையையும் சவால் விட்டவரே சுமக்கிறார். அதனால் சமமான ஐயத்தில் கிரிக்கெட் தலைவர் கேட்பார், கால்பந்துப் பயிற்சியாளர் கேட்க மாட்டார்.

நம் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் எம்.எஸ். டோனியின் மேல்முறையீடுகளை நாம் வியந்து பேசினோம் அல்லவா. அவர் நின்ற இடம் ஸ்டம்புக்குப் பின்னால், நடுவருக்கு நேர் எதிரே. பந்தின் பாதையை அவரைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் மைதானத்தில் இல்லை. முடிவெடுப்பவரே சிறந்த சாட்சியாகவும் இருந்தார். அமெரிக்கக் கால்பந்தில் முடிவெடுப்பவர் ஓரிடத்தில், சாட்சி வேறிடத்தில். இந்தப் பிளவுதான் அங்கே தயக்கத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

உலகம் முழுவதும் ஆடப்படும் கால்பந்தில் வி.ஏ.ஆர். (காணொளி உதவி நடுவர்) இருக்கும் போட்டிகளில் பயிற்சியாளருக்கு இந்த உரிமையே இல்லை. குறைந்த கேமராக்கள் உள்ள போட்டிகளுக்காக ஃபிஃபா கொண்டுவந்த மாற்று முறையில், 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில், ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு கோரிக்கைகள் தரப்பட்டன. கோரிக்கை வென்றால் அது கையிலேயே இருக்கும். அங்கே டைம் அவுட் போன்ற விலை ஏதும் இல்லை என்பதால் கணக்கும் வேறு.

நாற்பது யார்டு அவர்களிடம் ஒரு செய்தியில் மட்டும் மாறுபடுகிறேன். மேனிங்ஹாம் பிடியைப் பெலிசிக் எதிர்த்தது சரியென்றே எனக்குப் படுகிறது. வென்றிருந்தால் ஜயன்ட்ஸ் மீண்டும் 12 யார்டுக்குப் போய், இரண்டாம் டவுனில் 10 யார்டு தேவை என்ற நிலையில் நின்றிருப்பார்கள். இரண்டே புள்ளி முன்னிலையில், சூப்பர் பவுலின் கடைசி நான்கு நிமிடத்தில், 38 யார்டு என்பது ஆட்டத்தையே தூக்கிக் கொடுப்பது. ஐந்தில் ஒரு வாய்ப்புக்கு மெக்கார்த்தி வீசலாம் என்றால் பெலிசிக் ஏன் வீசக் கூடாது?

மறுமொழி: நாற்பது யார்டு

நல்ல கேள்வி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மெக்கார்த்திக்கு நேர்ந்தது நான்காம் டவுன். வென்றால் பந்து உடனே கைக்கு வந்துவிடும். பெலிசிக் வென்றிருந்தாலும் ஜயன்ட்ஸுக்கு மேலும் வாய்ப்புகள் மிச்சம். தோற்றால் இழக்கும் டைம் அவுட், தம் அணி திரும்ப அடிக்க வேண்டியிருந்தால் பெரிதும் தேவைப்படும். அதற்கும் மேலாக, அந்தப் பிடியில் இரு கால்களும் உள்ளே பட்டதை மறுகாட்சி உறுதியாகவே காட்டியது. வாய்ப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. பெலிசிக்கின் அணியினர் கண்முன்னால் விழுந்த பிடி அது. ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் தம் விருப்பமும் சேர்ந்தே தெரியும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒரு சவாலைச் சரியாகப் பயன்படுத்துவது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு 2010 பிப்ரவரி 7 சூப்பர் பவுல். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் நான்காம் கால்பகுதியில் டச் டவுன் அடித்து இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை 22-17 என முந்தினார்கள். டச் டவுனுக்குப் பிறகு கூடுதலாக இரண்டு புள்ளி எடுக்கும் முயற்சியில் லான்ஸ் மூர் பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டி நீட்டியபடி விழுந்தார்; பிறகு பந்து கையைவிட்டுப் போயிற்று. முயற்சி தோல்வி என்றார் நடுவர். செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேடன் கொடி வீசினார். பந்து கோட்டைத் தாண்டும்போது கைக்குள் உறுதியாக இருந்தது காட்சியில் தெரிந்ததால் தீர்ப்பு மாறி, 24-17 ஆயிற்று. ஐந்து புள்ளி முன்னிலை என்றால் எதிரணிக்கு ஒரு டச் டவுன் போதும், முந்திவிடுவார்கள். ஏழு என்றால் அதே டச் டவுனும் கூடுதல் புள்ளியும் சேர்ந்தாலும் சமன்தான் ஆகும். வெறும் இரண்டு புள்ளிக்காகப் பேடன் டைம் அவுட்டைப் பணயம் வைத்தார் என்று பார்க்கக் கூடாது; அந்த இரண்டு எங்கே வந்து உட்காரும் என்பதை அவர் பார்த்தார்.

மேல்வரிசை:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சினத்தில் வீசி அணியைக் கெடுத்த பயிற்சியாளர்கள் உண்டா? அன்று அந்தப் பயிற்சியாளர் கையில் கொடி கசங்கியதைப் பார்த்தபோது, அவர் அதை வீசாமல் அடக்கிக்கொண்டதே பெரிய செயலாகத் தோன்றியது.

மறுமொழி: காணொளி அறை

உண்டு. 2012 நவம்பர் 22, நன்றி நவிலல் நாள். டெட்ராய்ட் லயன்ஸ், ஹூஸ்டன் டெக்சன்ஸை எதிர்த்து ஆடினார்கள். டெக்சன்ஸ் வீரர் ஜஸ்டின் ஃபோர்செட் சில யார்டு ஓடி விழுந்தார். முழங்காலும் முழங்கையும் தரையில் பட்டன. விசில் ஊதப்படவில்லை. அவர் எழுந்து ஓடி 81 யார்டு டச் டவுன் போட்டார். லயன்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் பொறுக்க மாட்டாமல் சிவப்புக் கொடியை வீசிவிட்டார். டச் டவுன் என்பதால் அது தானாகவே சரிபார்க்கப்பட வேண்டியது. அவர் சும்மா இருந்திருந்தாலே தீர்ப்பு மாறியிருக்கும். அன்றிருந்த விதிப்படி, சவால் விடக் கூடாத இடத்தில் கொடி வீசினால் 15 யார்டு தண்டனை, அத்தோடு அந்த நகர்வைச் சரிபார்க்கவும் கூடாது. எல்லோரும் கண்ணால் பார்த்த தவறு அப்படியே நிலைத்தது. லயன்ஸ் கூடுதல் நேரத்தில் 34-31 எனத் தோற்றார்கள். சரிபார்ப்பையே தடுத்த அந்த விதியை 2013இல் நீக்கினார்கள்.

கொடியே வீச முடியாத அநியாயங்களும் உண்டு. 2019 ஜனவரியில் செயின்ட்ஸ்–ராம்ஸ் ஆட்டத்தில், பந்து வந்து சேருமுன்னே செயின்ட்ஸ் வீரரை மோதித் தள்ளியதற்குத் தண்டனை தரப்படவில்லை. தண்டனை சார்ந்த தீர்ப்பு என்பதால் யாரும் எதையும் செய்ய இயலவில்லை. அந்த மனக்குமுறலில் 2019 பருவத்துக்கு மட்டும் அத்தகைய இடையூறுகளையும் எதிர்க்கலாம் என்று விதி வந்தது. ஆனால் நியூயார்க் மையம் களத்துத் தீர்ப்பை மாற்ற மிகவும் தயங்கியதால், பயிற்சியாளர்கள் எதற்கு வீசுவது, எதற்கு விடுவது என்ற அளவுகோலே இல்லாமல் தடுமாறினார்கள். ஒரே ஆண்டில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். தீர்ப்பவர் எந்த அளவுக்கு இறங்கி வருவார் என்பது தெரிந்தால்தான் சவால் விடுபவர் கணக்குப் போட முடியும்.

உங்கள் பதிவு இன்னும் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பந்து தரையில் பட்ட கோணம் ஒளிபரப்பில் எந்த விநாடியில் வருகிறது என்று கவனியுங்கள்.

மேல்வரிசை:

இப்போதுதான் பார்த்தேன், ஐயா. வீரர் விழுந்ததும் முதலில் ஒரு மறுகாட்சி காட்டுகிறார்கள். அது பின்பக்கத்திலிருந்து எடுத்தது, அவருடைய தோள் பந்தை முழுவதும் மறைக்கிறது. வெளியூர்ப் பயிற்சியாளர் மேலே நிமிர்ந்து பார்த்தது அப்போதாக இருக்க வேண்டும். உள்ளூர் அணி பதினெட்டாம் விநாடியில் ஸ்னாப் எடுத்துவிட்டது. நான் உறுதியாக நம்பிய அந்தக் கோணம், பந்தின் முனை புல்லில் அழுந்துவது தெரியும் அந்தக் காட்சி, அடுத்த நகர்வும் முடிந்து வீரர்கள் எழுந்து கொண்டிருக்கும்போதுதான் திரையில் வருகிறது.